அத்தானின் கைக்கு அளவான துவக்கு

எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி இது: ஒருவரைப் பற்றி உண்மையை மட்டுமே சொல்லியும் அவரைக் காட்டிக்கொடுக்க முடியுமா? நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்காலக் காலையில், கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினாறாம் மாடி வீட்டுச் சமையலறையில் நின்று நான் தொலைபேசியில் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தை. அடுப்பில் அவளுடைய பால் போத்தல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மறுமுனையில் பேசிய காவல்துறை அலுவலர் மிகவும் மரியாதையானவர். பேசுவதற்கு வசதியான நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அத்தான் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஒரே வீட்டில் வசிப்பவள் என்ற முறையில் அதைப் பற்றி எனக்கு ஏதாவது கவலை உண்டா என்பதுதான் அவர் கேட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் குடும்பத்தில் முதலில் கனடா வந்தவர் அவர்தான். நானும் என் கணவரும் வந்து இறங்கியபோது இரண்டு தடித்த ஜக்கற்றுகளைக் கையில் தொங்கவிட்டபடி விமான நிலையத்தில் நின்றார். அந்த வீடே அவர் பிடித்து வைத்திருந்த வீடு. ஊரில் இருந்த அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் செய்த விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டே போனது. அதனால் அவர் எங்களோடு இருந்தார். சரியாகச் சொன்னால், நாங்கள் அவரோடு இருந்தோம். காலையில் பிளாஸ்டிக் வாளிகள் செய்யும் தொழிற்சாலைக்குப் போவார். பின்னேரம் வந்து கைகழுவிய கையோடு என் மகளைத் தூக்குவார். அவர் கடிதம் எழுதினாலும் படிவம் நிரப்பினாலும் அது என் வேலை. 'படிச்ச மச்சாள் வீட்டிலை இருக்க எனக்கென்ன குறை' என்பார். 

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர், நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு சுடுபயிற்சிக் கழகத்தில் அங்கத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானை விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த அத்தானை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. சட்டைக்குள்ளிருந்து சுருட்டிய கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார். கறுப்பு வட்டத்துக்குள் ஐந்து துளைகள். தேநீர்க் கோப்பை ஒன்றை அதன்மேல் கவிழ்த்தால் ஐந்தும் மறைந்துவிடும். வன்னியில் வயல் செய்த காலத்தில் பன்றி கலைப்பதற்காக அவரிடம் அனுமதிப்பத்திரத்துடன் ஒரு சொட்கன் துவக்கு இருந்தது. பிரச்சினை தொடங்கியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு துவக்கைத் தொட்டது அன்றைக்குத்தானாம். 'ஆறு வரியமா உவங்களோடை வேலை செய்யிறன், பிள்ளை. இண்டைக்குத்தான் ஒருத்தன் எனக்கு குட் எண்டு சொன்னவன்' என்றார். அந்தக் கடதாசி எங்கள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில், மகளின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில், பல மாதங்கள் ஒட்டியிருந்தது.

என் கணவர் விடவில்லை. 'அண்ணை, துவக்குக்குப் பயந்து ஓடிவந்த இடத்திலை துவக்கு வாங்கப் போறியளே?'

'நான் துவக்குக்குப் பயந்து ஓடேல்லை. அதை வைச்சிருந்தவங்களுக்குப் பயந்துதான் ஓடினனான்' என்றார் அத்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மகள் தவழ்ந்து போகும் வழியெல்லாம் கண்ணால் அளந்தேன்.

அந்த வசந்தகாலச் சனிக்கிழமைகளை நான் மறக்கமாட்டேன். அத்தான் துப்பாக்கிக் கடைகளின் பட்டியல் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்காருவார். நான் தேநீர் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லவேண்டும். குழலின் நீளம், எடை, எத்தனை குண்டு பிடிக்கும், குறிபார்க்கும் முனையைத் திருப்பிச் சரிசெய்யலாமா என்றெல்லாம் கேட்பார். கத்தரிக்கோலால் படங்களை வெட்டி எடுத்து, கலியாணப் பேச்சில் வந்த படங்களைப்போல வரிசையாக அடுக்குவார். 'உது வடிவுதான், ஆனால் கனம் கூட. உவர் சரியான செலவாளி. உது பாக்கத்தான் சின்னன், குணம் நல்லாயிருக்கும்.' இலக்கணத்தையும் இலக்கியத்தையும் படித்த நான் அரைத் தானியங்கி என்றால் என்னவென்று அந்த மேசையில்தான் அறிந்தேன். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கும். 'திரும்ப இழுத்தால்தான் திரும்பப் போகும். மனுசன் நினைச்சால்தான் நடக்கும், பிள்ளை, பயப்பிடாதை' என்றார். மனிதன் நினைப்பதுதான் எனக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை.

வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கடை இருந்தது. சுரங்க ரயிலும் பஸ்ஸும் மாறி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நான் அவரோடு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாகத் துப்பாக்கிகள். அவற்றுக்கு முன்னால் மகள் பிஸ்கற்றைச் சப்பியபடி. கடைக்காரர் வாசலில் தள்ளுவண்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, 'இன்று வாடிக்கையாளர் இவரா?' என்று மகளைக் காட்டிக் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

அத்தானுக்கு ஒரே ஆசை. 'பண்டிக்கும் கடதாசிக்கும் ஒரு பிஸ்ரல் காணும் எண்டு சொல்லு. காட்டிலையும் பாவிக்கலாம், ரேஞ்சிலையும் பாவிக்கலாம்.' நான் சொன்னேன். கடைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். இங்கே கைத்துப்பாக்கியால் வேட்டையாட முடியாது. அங்கீகரித்த பயிற்சித் திடலில் மட்டும்தான் சுடலாம். வேட்டைக்கு நீளத் துப்பாக்கி வேறாக வாங்கவேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னதும் அத்தானின் முகம் விழுந்துவிட்டது.

'அப்ப கடதாசியை மட்டும் சுடுறதுக்கே?' சற்று யோசித்தார். 'சரி விடு. கடதாசியும் நல்லதுதான். ஓடாது, துரத்தாது.'

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் ஒன்பது மில்லிமீற்றர் ஒன்றை எடுத்து, வெறுமையாக இருப்பதைத் திறந்து காட்டிவிட்டு நீட்டினார். அத்தான் வாங்கி, தானும் ஒருமுறை திறந்து பார்த்தார். குழலின் வாய் சுவரைப் பார்க்கும்படி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சின்னக் கை. விரல் விசைக்கு அரைகுறையாகத்தான் எட்டியது. கடைக்காரர் அதை வைத்துவிட்டு, இருபத்திரண்டு என்று சொல்கிற சின்னக் குண்டு போடும் ஒன்றை எடுத்தார். உதைப்புக் குறைவு, குண்டும் மலிவு, நீண்ட குழல், பழகுவதற்கு நல்லது. அது அத்தானின் கையில் போய் உட்கார்ந்தவுடனே மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'உன்ரை கையை ஒருக்கா நீட்டு, பிள்ளை.'

'எனக்கு வேண்டாம் அத்தான்!'

'பிடிக்கச் சொல்லேல்லை. அளவு பாக்கத்தான். உனக்கும் கொக்காவுக்கும் ஒரே கை. அவள் வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போவன். அவளுக்கும் பொருந்தவேணும்.'

நான் கையை நீட்டினேன். பிடியின் சுற்றளவைத் தன் விரல்களால் அளந்துவந்து என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 'காணும், பொருந்தும்' என்றார். அக்காவைப் பிரிந்து அப்போது ஏழாவது வருடம். அவள் கையின் அளவு அவருக்கு மறந்திருக்கவில்லை.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், சோதனையில் சித்தியடைந்தார், படிவத்தை நான் நிரப்பினேன். சட்டப்படி பூட்டு, பெட்டி எல்லாம் அவரே விசாரித்து வைத்திருந்தார். பெட்டி அவருடைய அறை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் என்றார். அவர் வேலைக்குப் போன நேரத்தில் நான் கதிரையில் ஏறி அந்தத் தட்டின் உயரத்தை அளந்தேன். இறங்கி, மகளின் உயரத்தை அளந்தேன். எத்தனை வயதில் அவள் கதிரை இழுப்பாள் என்று கணக்குப் போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு முறை திரும்பிப் பார்ப்பவள் நான். கணவரிடம் சொன்னால், 'அந்த மனுசனுக்கு வேறை என்ன இருக்கு? விடும்' என்றார். அத்தானிடமே சொல்லியிருக்கலாம். 'அத்தான், எனக்குப் பயமாயிருக்கு' என்ற மூன்று சொல் போதும். அவர் அந்த நிமிடமே படிவத்தைக் கிழித்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. அவர் பிடித்த வீட்டில் இருந்துகொண்டு அவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய் வந்தது தொலைபேசியில். யாரோ ஒரு அந்நியர் 'ஏதாவது கவலை உண்டா?' என்று மெதுவாகக் கேட்டபோது, நான் முந்தைய வருடத்து விமானக் காட்சியைப் பற்றிச் சொன்னேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஏரிக்கரையில் போர் விமானங்கள் வித்தை காட்டும். அந்த வருடம் மகளுக்கு நாலு மாதம். பட்டப்பகல். அத்தான் சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தார், குழந்தை பாயில் கிடந்தாள், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். யன்னல் கண்ணாடி அதிர ஒரு விமானம் கட்டடத்தை உரசுவதுபோலப் போனது. நான் கத்தியோடு அப்படியே விறைத்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் பாயில் குழந்தை இல்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே அத்தான் குப்புறக் கிடந்தார். நெஞ்சுக்குக் கீழே குழந்தை. 'பிள்ளை, படு! யன்னலுக்குக் கிட்ட நிக்காதை!' என்று கத்தினார். கணவர் சவர நுரை பூசிய முகத்தோடு ஓடிவந்து, 'அண்ணை, அது ஷோ அண்ணை! கீழை சனம் கைதட்டுது' என்றார்.

'ஷோ எண்டு எனக்குத் தெரியும். அது பிளேனுக்குத் தெரியுமோ எண்டுதான் பாத்தனான்' என்றார் அத்தான், மேசைக்குக் கீழிருந்தபடியே. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. விமானங்கள் எல்லாம் போய் முடியும்வரை குழந்தையை அவர் என்னிடம் தரவில்லை.

அலுவலரிடம் இதைத்தான் சொன்னேன்: சத்தம் கேட்டால் நடுங்குவார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தர மறுத்தார். ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் முழங்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றித் தன் பாரம் அவள்மேல் படாமல் கிடந்தார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு கையால் அவள் காதைப் பொத்தியிருந்தார் என்பதைச் சொல்லவில்லை. பெற்றவள் நான் கத்தியோடு நின்றபோது குழந்தையை நினைத்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லவில்லை. அலுவலர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. 'நன்றி, உதவியாக இருந்தது' என்று சொல்லி வைத்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் கடிதம் வந்தது. வழக்கம்போல அத்தான் அதை உடைக்காமல் என்னிடம் தந்தார். அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. விரும்பினால் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்று இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். உடன் வசிப்பவரிடமிருந்து கிடைத்த தகவலின் அடிப்படையில் என்று ஒரு வரி இருந்தது. அதை வாசிக்கவில்லை. அத்தான் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

'அகதியா வந்தவனிட்டைத் துவக்குக் குடுப்பாங்களே, பிள்ளை? எனக்கு விளங்கேல்லை, பார்' என்றார். நான் தேநீர் போட எழுந்து போனேன். குளிர்சாதனப்பெட்டியில் இருந்த கடதாசியை அடுத்த நாள் காணவில்லை. போலந்துக்காரர் பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டார், அத்தான் போகவில்லை.

மறு வருடம் அக்கா வந்தாள். இப்போது அவர்கள் ரெக்ஸ்டேலில் இருக்கிறார்கள். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பெரியப்பாவைக் கண்டால் இன்னும் ஓடிப்போய் முதுகில் ஏறுகிறாள். சனிக்கிழமைகளில் தேநீர் போடும்போது, கத்தரிக்கோலும் படங்களுமாக அந்த மேசை சில நேரம் கண்ணுக்குள் வருகிறது. அவரோடு அப்படிச் சேர்ந்து சிரித்த காலம் பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை. குற்றம் செய்தவள் எப்படி நிம்மதியாகப் பக்கத்தில் இருப்பது?

நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது. அக்காவும் பிள்ளைகளும் போடப்போகிறார்கள். அத்தான் மட்டும் மாட்டேன் என்கிறார். அவருடைய தாயார் திருச்சியில் படுக்கையில் இருக்கிறார். கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்று அக்கா அழுதே சொல்லிவிட்டாள். 'ஒருக்கா உன்னை நம்பேலாது எண்டு எழுதித் தந்தவங்கள். உந்தக் கடுதாசியை இன்னொருக்கா வாங்க என்னாலை ஏலாது' என்கிறார் அத்தான். நான்கு வருடமாக ஒரு நாடே தன்னைச் சந்தேகப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சந்தேகப்பட்டது நாடு இல்லை, பக்கத்து அறையில் இருந்த மச்சாள் என்று சொன்னால், படிவத்தில் ஒருவேளை கையெழுத்து வைப்பார். அதன் பிறகு என்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்? நாடு நம்பவில்லை என்பதைத் தாங்கியவர், வீடு நம்பவில்லை என்பதைத் தாங்குவாரா?

குழந்தைக்காகத்தான் செய்தேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்தக் குழந்தைக்காக உயிரையே கொடுக்கப் படுத்த மனிதருக்கு எதிராக அதையே சாட்சியாக வைத்தேனே என்று மறுநாள் தோன்றுகிறது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை இப்போதும் அவரிடம் சொல்லாமல் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இதை வாசிப்பவர்களில் தாய்மார் இருப்பீர்கள், அத்தான்மாரும் இருப்பீர்கள். மாத முடிவில் அக்கா வீட்டுக்குப் படிவங்கள் நிரப்ப நான்தான் போகவேண்டும். அவர் எனக்கு எதிரே வந்து உட்காருவார். நான் சொல்லவா, விடவா? சொல்வதென்றால், எந்தச் சொல்லில் தொடங்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.