மூன்று தலையணை

ஜோகூர் பாருவில் நடந்த கர்ப்பகால நோய்ப் பயிற்சிக்கு டாக்டர்கள், மருந்தாளர்கள், என்னைப் போன்ற கிளினிக் தாதிகள் எல்லோரும் போயிருந்தோம். இறந்துபோன ஒரு தாயின் பரிசோதனைப் புத்தகத்தை, பெயரை மறைத்துத் திரையில் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் ‘உபாதை இல்லை’ என்றிருந்தது. அது என் கையெழுத்து.

“படுத்தா மூச்சு முட்டுறது இதயம் பலவீனமாகுற அடையாளம். யாரும் கேக்கலையா?” என்றார் இதய டாக்டர்.

“மிஸி, மூணு தலகாணி வச்சாத்தான் தூக்கம் வருது” என்று கடைசிப் பரிசோதனைக்கு வந்த அன்று அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். “புள்ள பெருசு லா, அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்து அனுப்பினேன்.

எழுந்து நின்றேன். “கேக்கவே தேவையில்ல டாக்டர். அவங்களே சொன்னாங்க. நான்தான் எழுதல.”

இப்போது கர்ப்பிணிகள் சொல்வதையெல்லாம் அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தில் மட்டும் என் வரி அப்படியே இருக்கிறது.