லேபலில் இல்லாத வசனம்

என் கணவர் மௌத்தாகி மூன்றாவது வாரம், என் தம்பியைக் கொலைகாரன் என்று முகநூலில் எழுதியிருந்ததை வாசித்தேன். அப்போது நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டின் உள்ளறையில் ஒரு கட்டிலும் மேசையும் இருந்தன. பகல் முழுக்க போன்தான் கையில் இருந்தது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று சிங்களத்தில் உள்ளவற்றைத் தமிழாக்கி, சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுப்பேன். கல்முனையில் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறை வைத்திருந்தேன். அதைப் பூட்டிவிட்டு வந்ததோடு சரி.

கணவர் தோணி எஞ்சின் திருத்துகிறவர். கன வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் மருந்துக் குளிசை எடுத்து வருவார். கடைசி வருடத்தில் அவர் ஒரு மூலிகைப் பொடி குடிக்கத் தொடங்கினார். அதைக் கொண்டுவந்து கொடுத்தது என் தம்பி. பாலமுனையில் கல்யாணம் முடித்து அங்கேயே இருப்பவன். அந்தப் பொடியை விற்கும் கம்பனியில் அவன் முகவராகச் சேர்ந்திருந்தான். கல்யாண மண்டபங்களில் கூட்டம் போடுவார்கள். மைக்கைப் பிடித்து, எனக்குச் சுகமாகிவிட்டது என்று ஆட்கள் எழும்பிச் சொல்வார்கள். ஏழெட்டு மாதத்தில் கணவரின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. அதற்குப் பிறகு அவர் அதிகநாள் இருக்கவில்லை.

முகநூலில் போட்டிருந்தது தம்பி மேடையில் மைக்கோடு நிற்கும் படம். இவன் விற்ற பொடியில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது, அரசாங்கம் தடை செய்த சாமான், சாய்ந்தமருதில் ஒரு உயிர் போய்விட்டது என்று மேலே எழுதியிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள். ஒருவர் தன் மாமாவும் இதனால்தான் போனார் என்றார். இன்னொருவர் கொழும்பில் வழக்கு நடக்கிறதாம் என்றார். ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்களாம் என்றார் வேறொருவர். ஒருவர் தடைக் கடிதம் என்று ஒரு படத்தையே போட்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபது வருடமாக அரசாங்கக் கடிதங்களைப் பார்த்த கண். அதில் கடித இலக்கம் இல்லை. கையெழுத்து இருந்த இடத்தில் பதவிப் பெயர் இல்லை. ஒரு சிங்கள வசனத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தவேயில்லை. அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்த கடிதம் அல்ல, யாரோ உட்கார்ந்து செய்தது. அது விளங்கியபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கணவரின் தம்பி வந்தார். இத்தாவில் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டிருந்தார்கள்.

"மதினி, பாத்தீங்களா? எல்லாம் வெளிய வந்திட்டு. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கிட்ட முறைப்பாடு குடுக்கப் போறம். உங்கட தம்பி இனி இந்த வாசல்ல கால் வெக்கக் கூடா."

"எதப் பாத்துச் சொல்றீங்க மச்சான்?"

"ஊரே எழுதுது. வேற என்ன வேணும்?"

"எழுதின ஆக்கள் ஒருத்தரும் கண்டதெண்டு எழுதல்ல. நடக்குதாம், நிரூபிச்சாங்களாம் எண்டுதான் இரிக்கி. அந்தக் கடிதமும் பொய்க் கடிதம்."

"நீங்க உங்கட தம்பியக் காப்பாத்தப் பாக்கிறீங்க."

"இல்ல மச்சான். எனக்குத் தெரியணும்."

 கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

அன்றைக்கே தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றை எழுதினேன். உணவு, மருந்துகளின் பதிவுகளை வைத்திருக்கும் கொழும்புக் கந்தோருக்கு. இந்தப் பொடி மருந்தாகப் பதியப்பட்டதா, தடை செய்யப்பட்டதா, மாதிரி எடுத்துப் பரிசோதித்தீர்களா, கம்பனி மீதோ முகவர்கள் மீதோ ஏதாவது நடவடிக்கை எடுத்தீர்களா, எடுத்திருந்தால் அதன் பிரதி வேண்டும் என்று கேட்டேன். மகள் அதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

தம்பி வரவில்லை. ஒருநாள் போன் எடுத்தான்.

"ராத்தா, நான் கொல்லல்ல ராத்தா."

"கடிதம் வரட்டும்" என்றேன்.

இத்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போது பதில் வந்தது. சிங்களத்தில் மூன்று பக்கம், கூட ஒரு பழைய கட்டளையின் பிரதி. மேசையில் விரித்து, அகராதியை எடுத்து வைத்து, கட்சிக்காரருக்குச் செய்வதுபோல வரிவரியாகத் தமிழாக்கினேன். அந்தப் பொடி மருந்தாகப் பதியப்படவில்லை. உணவுப் பொருளாக இறக்குமதி செய்யப்பட்டது. தடை செய்யப்படவில்லை. மாதிரி எடுக்கப்படவில்லை, ஆகவே பரிசோதனை முடிவு எதுவும் இல்லை. ஸ்டீரொயிட் என்ற சொல் எங்கேயும் இல்லை. வழக்கும் இல்லை. இருந்தது ஒரே ஒரு நடவடிக்கை: சீனி வருத்தத்தைக் குணமாக்கும் என்று லேபலில் உள்ள வசனத்தை அகற்றும்படி கம்பனிக்கு எழுத்தில் கட்டளையிட்டிருந்தார்கள். அகற்றிவிட்டோம், எல்லா முகவர்களுக்கும் கட்டளையின் பிரதியை அனுப்பிவிட்டோம் என்று கம்பனி பதில் எழுதியிருந்தது.

கம்பனியின் அந்தப் பதிலின் திகதியை இரண்டு தரம் பார்த்தேன். என் கணவர் முதல் டின்னைத் திறப்பதற்கு முந்தியது.

தம்பியை வரச் சொன்னேன். கூடப்பிறந்தவனுக்குத் திரை தேவையில்லை; வந்து கட்டிலுக்கு எதிரே இருந்தான். மெலிந்து போயிருந்தான். கட்டளையின் பிரதியை அவன் முன்னால் வைத்தேன்.

"இது உனக்கு வந்ததா?"

வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தான்.

"வந்திச்சி ராத்தா."

"வாசிச்சியா?"

"வாசிச்சன். லேபல்ல எழுதக் கூடா எண்டுதான் இருந்திச்சி. அவங்க அத எடுத்திட்டாங்க. வாயால சொல்லக் கூடா எண்டு அதில இல்லயே. கூட்டத்திலயும் அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க. எழுதாதீங்க, சொல்லுங்க எண்டு."

"உன்ட மச்சானுக்கு, என்ட புருஷனுக்கு, என்ன சொன்ன நீ?"

அவன் அழத் தொடங்கினான். அவன் சொல்லத் தேவையில்லை. அவன் முதல் டின்னைக் கொண்டுவந்த பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். அவர்கள் இரண்டு பேரும் முன் ஹோலில் இருந்தார்கள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். "மச்சான், பொடி குடிக்கிற காலம் கிளினிக் குளிசைய நிப்பாட்டிப் பாருங்க, ரெண்டும் சேரக் கூடா" என்று அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குளிசையை விடுவதென்றால் அவருக்கும் விருப்பம், அன்றோடு நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியைக் கள்ளன் என்றும் கொலைகாரன் என்றும் எழுதியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர்கள் சொன்னது எதுவும் கந்தோர்ப் பதிவில் இல்லை. அவன் செய்ததும் அந்தப் பதிவில் இல்லை.

மொழிபெயர்ப்பில் முத்திரை குத்திப் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஆட்களை வைத்து வாசித்தார்களாம். தடை இல்லை என்ற இடம் வந்ததும் கூட்டம் சத்தம் போட்டதாம். அதற்குப் பிறகு உள்ளதை ஒருவரும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே முகநூலில் என்னைப் பற்றியும் எழுதினார்கள். தம்பியைக் காப்பாற்ற ராத்தா செய்த கள்ளக் கடிதம் என்று. பொய்க் கடிதத்தை நம்பியவர்கள் மெய்க் கடிதத்தைக் கள்ளம் என்றார்கள்.

அடுத்த கிழமை கம்பனியின் விளம்பரம் ஒன்று போனில் வந்தது. என் மொழிபெயர்ப்பில் இருந்து 'தடை செய்யப்படவில்லை' என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி, என் முத்திரையையும் பக்கத்தில் ஒட்டி, பொடி டின்னின் படத்துக்கு மேலே போட்டிருந்தார்கள். அது எப்படி அவர்கள் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. மகள் கோபத்தில் கத்தினாள். நான் விளம்பரத்தை அச்செடுத்து வரச் சொல்லி, கடிதத்தோடு சேர்த்து வைத்தேன்.

இத்தா முடிந்த அன்று குளித்து, உடுத்து, வெளியே வந்தேன். முற்றத்து வெயிலில் கண் கூசியது. அடுத்த நாள், சாமான் வாங்கிப் பாவிப்பவர்கள் கொடுக்கும் பாவனையாளர் முறைப்பாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பினேன். பிறர் சொல்லிக் கேள்விப்பட்டதை எழுதவில்லை, ஊர் சொன்னதை எழுதவில்லை. என் காதால் கேட்ட அந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதினேன். விளம்பரத்தையும் கட்டளையின் பிரதியையும் இணைத்தேன். சொன்னவர் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.

அனுப்ப முதல் அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அனுப்புங்க ராத்தா" என்றான். "கேட்டா நான் ஓம் எண்டு சொல்லுவன்."

வாக்குமூலம் எடுக்க அம்பாறைக் கந்தோருக்கு வரச் சொன்னார்கள். காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறிப் போனேன். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. அதிகாரி சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியாக, உங்கள் தம்பி அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றேன்.

அவர் அதையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன்.

தம்பியும் போய் ஒத்துக்கொண்டான். கூட்டத்தில் சொல்லித் தந்தவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்றும் சொன்னான். விசாரணை நடந்து, வாயாலும் விளம்பரத்தாலும் அப்படிச் சொல்லக் கூடாது என்று கம்பனிக்குப் புதிதாக ஒரு கட்டளை போனது. எங்கள் பக்கம் மண்டபக் கூட்டங்கள் நின்றுவிட்டன. தம்பியின் முகவர் வேலை போய்விட்டது. இப்போது அக்கரைப்பற்றில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். பெருநாளைக்கு வந்தான். சாப்பிட்டான். முகநூல் பதிவு இன்னும் இருக்கிறது, இடைக்கிடை யாராவது திரும்பப் பகிர்கிறார்கள். அதில் ஸ்டீரொயிட்டும் தடையும் அப்படியே இருக்கின்றன.

கணவரின் தம்பி ஒருநாள் வந்து வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டார். சிங்களத்தில் நான் சொன்னதை நானே தமிழாக்கிக் கொடுத்தேன். முன் ஹோலில் இருந்து ஆறுதலாக வாசித்தார். கடைசிப் பக்கத்தில் வாசிப்பை நிறுத்தினார்.

"மதினி, நீங்க அப்ப அங்கதான் நிண்டீங்களா?"

"ஓம்."

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஓம் மச்சான்."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் கல்முனை அறையைத் திரும்பத் திறந்திருக்கிறேன். வேலை வருகிறது. மகள் சில நேரம், உம்மா ஒருக்கா அழுங்களன் என்கிறாள். சரி மகள் என்கிறேன்.