கடைசி வண்டி வரும்வரை

எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் அவரை ‘வால்’ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவன் நான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டே, “தலைக்குத்தான் தம்பி வலி வரும், வாலுக்கு வராது” என்றார். பதினோரு வருடமாக எங்கள் வரிசையில் கடைசி வண்டி அவருடையதுதான். யாருக்கு டயர் இறங்கினாலும் யார் வழியில் வாந்தி எடுத்தாலும் பின்னால் அவர் வருவார் என்ற தைரியத்தில் நாங்கள் முன்னால் பறப்போம்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் ஏறி, மூன்று முறை மேலும் கீழும் போய்வந்து, கையெழுத்துப் போட்ட பிறகே மற்றவர்களை ஏறவிடுவார். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகும் கடைசி சீட் வரை நடந்துபோய், ஏதாவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பார். அப்படி ஒரு ஜோடி. அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகாது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அடுத்தவர் விட்ட புள்ளியைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு. எழுதத் தெரிந்தவன் என்று சங்கத்துச் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதம் ஒரு பக்க அறிவிப்பு போடுவேன்: முதல் சனிக்கிழமை ரத்ததானம், அடுத்த வாரம் முதலுதவி வகுப்பு, பிறகு குடும்பங்களோடு ஒரு மதியச் சாப்பாடு, மூன்றாம் ஞாயிறு மலைப் பயணம். பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் இரண்டு விதிகள் எப்போதும் இருக்கும். இரண்டும் வால் சொல்லி நான் எழுதியவை.

பதினாறு வண்டிகள் ஒன்றாகவே போக முடியாது. அதனால் சாலை பிரிகிற இடம் வந்தால், முன்னால் போகும் கேப்டனுக்கு அடுத்த வண்டிக்காரர் அங்கே இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்ட வேண்டும். முதல் விதி: கடைசி வண்டி வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இரண்டாவது விதி: பிரிவில் ஆள் இல்லையென்றால் நேராகப் போ. இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கடைசி வண்டியை அடையாளம் காண்பதும் சுலபம். வால் மட்டும்தான் வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருப்பார். பிரிவில் நிற்பவரைப் பார்த்ததும் இரண்டு விரலைத் தூக்குவார்.

அந்த மூன்றாம் ஞாயிறு அவர் மனைவியும் வந்தார். அது அவருக்கு முதல் பயணம். பல வருடமாகக் கூப்பிட்டும் வராதவர். “ஊருக்கெல்லாம் வாலா இருக்கீங்களே, வீட்டுக்கு எப்ப இருப்பீங்க?” என்பதுதான் ஒவ்வொரு தடவையும் அவர் பதில். இந்த முறை தானே பழைய வண்டி ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, வேன் ஓட்டுகிற அதே விறைப்போடு வந்து நின்றார். வால் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. நாங்கள் கேலி செய்து தீர்த்தோம்.

புறப்படும் முன் கேப்டன் வழி சொன்னார். கேப்டன் பல் டாக்டர். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். “மலை ஏறினதும் ஒரு பிரிவு வரும். எல்லாரும் வலது பக்கம் திரும்பணும். நேரா போற ரோட்டுல பாலம் போன மாசம் வெள்ளத்துல அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஞாபகம் இருக்கட்டும்.” எல்லாரும் தலையாட்டினோம். வால் மட்டும் அங்கே இல்லை. பத்தடி தள்ளி மண்டியிட்டு, என் வண்டியின் தளர்ந்த செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் பாலம் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

மலைப் பிரிவில் நிற்கும் முறை எனக்கு வந்தது. பனி இறங்கி, இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது. ஒவ்வொரு வண்டியாக வந்தது. வலது பக்கம் கையைக் காட்டினேன். எண்ணவில்லை. எண்ணியிருந்தால், என்னைக் கடந்தவை பன்னிரண்டுதான் என்று தெரிந்திருக்கும். இன்னும் இரண்டு வர வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி டீக்கடை. முன்னால் போனவர்கள் இந்நேரம் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

பனிக்குள் மஞ்சள் தெரிந்தது. அப்பாடா என்று வண்டியைக் கிளப்பினேன். இரண்டு விரல் தூக்கப்பட்டதா என்று பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நீளமாக ஹாரன் அடித்தது. வால் இன்று குஷியாக இருக்கிறார் என்று நினைத்து, திரும்பாமலே கையை ஆட்டிவிட்டுப் பறந்தேன்.

டீக்கடை வாசலில் நான் வண்டியை நிறுத்தியதும் மஞ்சள் ஜாக்கெட்டும் வந்து நின்றது. ஹெல்மெட் கழன்றது. உள்ளே இருந்தது வாலின் மனைவி.

“ஏன் கிளம்பிட்டீங்க?” என்று கத்தினார். “ஹாரன் அடிச்சேனே, காதுல விழலையா? உங்களை நிறுத்தத்தான் துரத்திக்கிட்டு வந்தேன். அவர் இன்னும் பின்னால இருக்காரு!”

“ஜாக்கெட்... அண்ணி, இந்த ஜாக்கெட்...”

“கறுப்புக் கோட்டு பனியில யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு அவர்தான் கழட்டிப் போட்டுவிட்டாரு. அவர் வண்டியில ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துடுச்சு. மாத்திட்டு வரேன், பிரிவுல ஆள் நிப்பாங்க, நீ முன்னாடி போன்னு சொன்னாரு.”

கேப்டன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “பிரிவுல ஆள் இல்லேன்னா அவர் நேரா போவாரேய்யா.” என்னைப் பார்த்தார். “பாலம் போனது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

போனில் சிக்னல் இல்லை. மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு கேப்டன், அண்ணி, நான் என மூன்று பேர் திரும்பினோம். அண்ணிதான் முன்னால். அந்தப் பனியில், அந்த வளைவுகளில், அந்த அம்மா ஓட்டிய வேகத்தை இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது. ‘கேபிள் மாற்ற நேரமாகும், இன்னும் வந்திருக்க மாட்டார்’ என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன். பிரிவில் இறங்கிப் பார்த்தபோது, நேராகப் போகும் சாலையின் ஈர மண்ணில் ஒரே ஒரு டயர் தடம் புதிதாகப் பதிந்திருந்தது.

அண்ணி குனிந்து பார்த்தார். “அவர் டயர்தான். போன மாசம் மாத்தினது” என்றார். அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தடுப்புக் கட்டை காற்றில் சாய்ந்து ஓரமாகக் கிடந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஐந்தடி முன்னால் சாலை இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்போதும் போல முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறார், நிறுத்திவிட்டார், பிழைத்தார்.

“ஹெல்மெட்டைத் தரையில போட மாட்டாரே அவர்” என்றார் அண்ணி.

ஹெல்மெட் சாலை நடுவில் உருண்டு கிடந்தது. கையுறை ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கீழே தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில் கரகரத்த குரல் கேட்டது. “ஏம்மா... ஏம்மா...” அவர் வீட்டில் மனைவியைக் கூப்பிடுவது அப்படித்தான்.

விளிம்பில் போய் எட்டிப் பார்த்தோம். இரண்டு ஆள் ஆழத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் வால் நின்றார். இடிந்த பாலத்தின் பெரிய கான்கிரீட் பலகை ஒன்று துருப்பிடித்த கம்பிகளில் தொங்கியபடி அவர் தலைக்கு மேல் சாய்ந்திருந்தது. அதன் அடியில் எதுவோ கறுப்பாகச் சிக்கியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்கப் பலகை ஆடியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரிவில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நேராகப் போ. அப்படியானால் தனக்கு முன்னால் போன மனைவியும் இந்தப் பக்கம்தான் வந்திருப்பாள். வந்தவள் எங்கே? அந்தக் கணக்கில்தான் அவர் கீழே இறங்கியிருக்கிறார்.

“அது தார்ப்பாய்! இழுக்காதீங்க! மேல விழுந்துடும்!” கேப்டன் தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன். அவர் நிமிரவில்லை. தண்ணீர் எங்கள் குரலை விழுங்கிவிட்டது. பலகையிலிருந்து கல் பெயர்ந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் காலை ஊன்றி இன்னும் பலமாக இழுத்தார்.

அண்ணி கத்தவில்லை. தன் வண்டிக்கு ஓடினார். ஹாரனை அமுக்கினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மறுபடியும் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தினமும் சாயங்காலம் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும்போது, கேட்டைத் திறக்கச் சொல்லி அவர் அடிப்பது அது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

வால் கை நின்றது. மெல்ல நிமிர்ந்தார். விளிம்பில் மஞ்சளாக ஒருத்தி வந்து நின்றதைப் பார்த்தார். தார்ப்பாயை விட்டார். இரண்டு எட்டு பின்னால் வந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். பலகை விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

கயிறு போட்டு மேலே இழுத்தோம். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தம். உதடு நீலம். அண்ணி அவர் மார்பில் இரண்டு குத்து விட்டார். “மஞ்சளை எனக்குப் போட்டுவிட்டது நீங்கதானே? கறுப்பைப் பிடிச்சு இழுக்கறீங்களே! ஏன், உங்களுக்கே ஞாபகம் இல்லையா?”

“இல்லம்மா” என்றார். பல் தந்தியடித்தது. “பாலத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. கறுப்புக் கோட்டு மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.”

அப்போதுதான் அண்ணி அழுதார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. “அண்ணே, நான்தான் அங்க நின்னேன். மஞ்சளைப் பார்த்ததும் கிளம்பிட்டேன்” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

புதன்கிழமை சங்கக் கூட்டம். அடுத்த மாதப் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். என்னை இனி எந்தப் பிரிவிலும் நிறுத்தக் கூடாது என்று ஒருவர் எழுந்து சொன்னார். நியாயம்தான், நானே கை தூக்கினேன். கட்டுப் போட்ட கையோடு வால் எழுந்தார்.

“இவரையே நிறுத்துங்க. இனிமே இவரை மாதிரி நிக்கிற ஆள் நமக்குக் கிடைக்க மாட்டாரு.”

சிலர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. “அவருக்கு மனசு ஆறிடுச்சு. எனக்கு ஆறல” என்றார் எல்லார் முன்னாலும். “நிக்கட்டும். ஆனா நானும் வருவேன்.”

அடுத்த மாத அறிவிப்பில் முதல் விதிக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஜாக்கெட்டைப் பார்க்காதே, முகத்தைப் பார். வேறு எதற்கும் இவ்வளவு தடித்த எழுத்து போட்டதில்லை.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு காட்டுப் பிரிவு வாய்த்தது. நல்ல மழை. வாய்விட்டு எண்ணினேன். பதின்மூன்றாவதாக அண்ணி வந்தார். கறுப்புக் கோட்டுதான். அதன் மேல் தனக்கென்று வாங்கிய வெள்ளைப் பட்டை. நான் கையைக் காட்டினேன். அவர் போகவில்லை. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, எனக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

“நீங்க போங்க அண்ணி. நான் நிக்கறேன்.”

“கடைசி வண்டி வரட்டும்” என்றார்.

நாற்பது நிமிடம் நின்றோம். அவர் சாலையைப் பார்த்தார். நானும் சாலையைப் பார்த்தேன். தொப்பலாக நனைந்தோம். வழியில் யாருக்கோ டயர் இறங்கியிருக்கும், பின்னால் வந்த லாரிக்காரனுக்கு உதவப் போயிருப்பார் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டேன். கிளம்பலாம் என்று மட்டும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மழைக்குள் மஞ்சள் தெரிந்தது. இரண்டு விரல்கள் மேலே எழுந்தன. நான் சாலை நடுவில் போய்க் கையை நீட்டி வண்டியை நிறுத்தினேன்.

“நான்தான் தம்பி” என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“கண்ணாடியைத் தூக்குங்க அண்ணே.”

தூக்கினார். பார்த்தேன். நம்பர் பிளேட்டையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அண்ணி எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாகத் தானும் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், “ம், கிளம்புங்க” என்றார். நான் கிளம்பினேன்.