பொன்னாடைக்கு ஒரு கட்டை

கம்பம் ஊரில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் சுகிர்தத்துக்கு வாய் சும்மா இருந்தாலும் விரல் சும்மா இராது. ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆர்மோனியம். திருவிழாக் காலத்தில் கர்ணனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. வயலின்காரரையும் புல்லாங்குழல்காரரையும் வேனில் இடமில்லை என்று கர்ணன் கழற்றிவிட்ட 2003இல், அவர்கள் வாசிப்பையெல்லாம் கீபோர்டின் ஃபிளாப்பியில் பதிந்து வைத்தவளும் அவள்தான். பொத்தானை அழுத்தினால் பத்து வயலின் கேட்கும்.

தேவாரம் ஊர்த் திருவிழாவில் மானம் போனது. பாட்டின் நடுவே ஒருவர் பொன்னாடையோடு மேடையேறினார். நம் பக்கத்தில் அதற்கு நேரம் காலம் கிடையாது. பாடகர் வாயை மூடிக் குனிந்தார், கர்ணன் மைக்கில் வந்தவர் பெயரை முழங்கினார், சுருளி டிரம்ஸை நிறுத்தினான். வயலின்கள் மட்டும் நிற்கவில்லை; ஃபிளாப்பியை நடுவில் நிறுத்தினால் பாட்டு முதலிலிருந்துதான் தொடங்கும். மேடையில் வயலின் எங்கே என்று தேடிய கூட்டம், பிறகு விசிலடித்தது.

“இன்னொரு தடவ இப்பிடி ஆச்சு, மதுரையில இருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேன்” என்றார் கர்ணன். பொன்னாடைக்காரரிடம் காட்ட முடியாத கோபம் அவள் தலையில் விடிந்தது. மேடை போனால் சுகிர்தத்துக்கு அப்புறம் தட்டச்சும் மாதா கோயிலும் மட்டும்தான்.

ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் துண்டு போட்டாள். கீபோர்டில் பல்லவிக்கு ஒரு கட்டை, சரணத்துக்கு ஒரு கட்டை. பொன்னாடைக்கென்று தனியாக ஒன்று: அதைத் தொட்டால் நாலே நாலு தாளச் சுற்று, அடுத்த கட்டையை அழுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும். தாளம் பிசகாமலிருக்கச் சுருளியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். ஃபிளாப்பிக்கு நகலும் எடுத்துக்கொண்டாள்.

கோம்பைத் திருவிழாவில் இரண்டாவது பாட்டிலேயே வாழைத்தார் வியாபாரி வீரபாண்டி பொன்னாடையோடு ஏறினார். சுகிர்தம் அந்தக் கட்டையைத் தொட்டாள். வயலின்கள் அவருக்காகவே சுற்றி வந்தன. போர்த்தி முடித்தும் இசை நிற்காததால், தன்னை ஆடச் சொல்கிறார்கள் என்று வீரபாண்டி முடிவுகட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டம் எழுந்து கைதட்ட, மனுஷன் இறங்குவதாக இல்லை. பாடகர் கொட்டாவி விட்டார்.

கர்ணன் கீபோர்டருகே வந்து பல்லைக் கடித்தார். “போதும் தாயி, சரணத்துக்குப் போ.”

“மதுரை ஆளு எப்பண்ணே வர்றாக?”

“எவனும் வரல. நீதான். ஒங்க மாதா மேல சத்தியம்.”

“அத மைக்குல சொல்லுங்க.”

கர்ணன் வீரபாண்டியைப் பார்த்தார். அவர் துண்டைச் சுழற்ற ஆரம்பித்திருந்தார். வேறு வழியில்லை. “கீபோர்டு, நம்ம சுகிர்தம்! இன்னைக்கும் அவுகதான், என்னைக்கும் அவுகதான்!” என்று மைக்கில் அலறினார்.

சுகிர்தம் இன்னும் ஒரு சுற்று ஓடவிட்டுத்தான் சரணத்தை அழுத்தினாள்.