பூந்தமல்லி வீட்டு நிபந்தனை

அம்பத்தூர் கம்பெனியில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பராமரிக்கும் தொழிலைத் தனியாக ஆரம்பித்தேன். ஆள் குடிவைப்பது, வாடகை வாங்கி அனுப்புவது, குழாய் உடைந்தால் பிளம்பரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நானே. முதலில் நம்பிச் சாவி கொடுத்தவர் துபாயில் இருந்தார். பூந்தமல்லியில் தனி வீடு. அவர் சொல்லித்தான் அவருடைய உறவினர்களின் வீடுகளும் என் கைக்கு வந்தன. அந்த ஒரு மனிதர் முகம் சுளித்தால் என் தொழிலே இல்லை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். வீட்டில் சாவு கூடாது. ஆஸ்பத்திரியில் போனாலும் பாடி வீட்டுக்கு வரக் கூடாது. இந்தப் பக்கம் பல ஓனர்கள் மனதில் வைத்திருப்பதை இவர் வாய்விட்டுச் சொன்னார். நானும் குடிவந்தவரிடம் பட்டும் படாமல் சொல்லிவைத்தேன். அவர் தேனிக்காரர், ஐ.டி. வேலை, கூடவே வயதான தாயார்.

ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார். "மேடம், அம்மா ஆஸ்பத்திரியில போயிட்டாங்க. ஊர்ல எங்களுக்கு வீடும் இல்ல, ஆளும் இல்ல. ஒரு மணி நேரம் வீட்டுல வச்சு எடுத்துக்கலாமா?"

கேட்காமல் கொண்டுவந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த நல்ல மனிதர் கேட்டுத் தொலைத்தார். துபாய்க்குப் போன் போட்டேன்.

"நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லும்மா. அப்புறம் அந்த வீட்டுக்கு எவன் வருவான்? நீ விட்டேன்னா எல்லாச் சாவியையும் வாங்கிடுவேன்."

நான் போனபோது ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றிருந்தது. மெட்ரோ வேலையில் குறுகிப்போன ரோட்டில் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. நான் வாய் திறப்பதற்குள் அவர் இறங்கி வந்து, "பரவாயில்ல மேடம், உங்களுக்குச் சங்கடம் வேணாம், நேரா போயிடுறோம்" என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாயைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு என் சங்கடத்தைப் பார்க்கிறாராம்! எல்லாச் சாவியும் கைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். ஆனாலும் நானே போய் கேட்டை விரியத் திறந்தேன்.

சாயங்காலம் துபாய்க்காரரின் மைத்துனர் வந்து எல்லாச் சாவிகளையும் வாங்கிக்கொண்டு போனார். ஆவடியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன்.

அம்மா திட்டவில்லை. காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"நம்ம ஊட்டு ஓனரு இன்னா சொல்லிக்கீறான்? என்னை உள்ள உடுவானா? இப்பவே ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோடி."