இரண்டு பெடல் ஜீப்

என் மனைவியின் இடது முழங்கால் மடங்காது. தொண்ணூறுகளில் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது வெடித்த எறிகணைச் செல்லின் துண்டு ஒன்று அதற்குள் போனது. துண்டை எடுத்துவிட்டார்கள், பலம் திரும்பி வரவில்லை; கைத்தடியோடுதான் நடப்பாள். அவள் பிரசவம் பார்க்கும் குடும்பநல மருத்துவமாது; ஊருக்கு மிஸ்ஸி. வன்னியில் ஜெயபுரத்தையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் சைக்கிளில் சுற்றி வேலை பார்த்தவள், அதற்குப் பிறகு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கர்ப்பிணிப் பெண்களின் வீட்டு வேலியோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அவள் வெளியே வரும்வரை நிற்பேன். "மிஸ்ஸியின்ர மாஸ்ரர் வெளியில நிக்கிறார், தேத்தண்ணி குடுங்கோ" என்று உள்ளே சொல்வது கேட்கும். அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. அவள் எங்கே போவதானாலும் என்னைக் கேட்க வேண்டும் என்பதும் பிடித்திருந்தது. அதை அப்போது நான் எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

2004இல் கனடாவில் இருந்த அவளுடைய தம்பி ஒரு வாகனம் வாங்கித் தருவதாகச் சொன்னான். "அக்காவின்ர காலுக்கு ஏத்ததாப் பாத்து எடுங்கோ அத்தான்" என்றான். பார்த்து எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கார் எங்கள் பாதைக்குச் சரிவராது. மாரியில் அதன் வயிறு சேற்றில் இருந்துவிடும். பெரிய ஜீப்பில் அவளால் ஏற முடியாது. காரைப்போல இருக்கை வசதியும் ஜீப்பைப்போல உயரமும் உள்ள சின்ன ஜீப்புகள் ஜப்பானில் பாவிக்கப்பட்டுக் கொழும்புக்கு வந்து, 2002 சமாதான ஒப்பந்தத்தோடு வன்னிக்குள் போகும் பாதை திறந்தபின் வவுனியாவிலும் விற்பனைக்கு நின்றன. ஒரு திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறி, ஓமந்தை ராணுவச் சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, வவுனியாவுக்குப் போனோம்.

வாகனக் கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம். தொண்ணூறில் அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது வந்து, வவுனியாவில் இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர். சாம்பல் நிறச் சின்ன ஜீப் ஒன்றைக் காட்டினார். நான் பொனற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்து இருக்கைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் சாரதி இருக்கையில் ஏறி இருந்தாள்.

"மற்றது எங்க?" என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

"மற்றது இல்ல மிஸ்ஸி. ரெண்டு பெடல்தான். ஓட்டோ கியர். இடது காலை வீட்டில வைச்சிட்டு வந்தாலும் இது ஓடும்."

அவளுடைய காலைப் பற்றி யாரும் பகிடி விட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு முகம் சூடாகியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பிரேக்கை அமத்திக்கொண்டு இந்தப் பிடியை இஞ்சால இழுங்கோ. ஓம். இப்ப காலை மெல்ல எடுங்கோ."

ஜீப் நகர்ந்தது. நான் பக்கத்தில் நடந்தேன். பிறகு நடக்காமல் நின்றேன். அவள் கடை வளவின் எல்லைவரை ஓட்டிக்கொண்டு போய்ப் பிரேக் பிடித்தாள். திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை. படலைக்கு வெளியே போகும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதை திறக்குமுன், அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் வன்னிக்குள் சனத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். ஆகவே பழைய வாகனம் ஒன்றைப் பார்க்கப் போகும் எங்கள் பக்கத்து ஆள் முதலில் கேட்பது அது எத்தனை மைல் ஓடியது என்றல்ல. மண்ணெண்ணெய்க்கு ஓடுமா என்றுதான். பாதை திறந்து இரண்டு வருடமாகியும் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. அன்று அது எனக்கு உதவியது.

"இதில காபரேற்றர் இல்லை. எல்லாம் கொம்பியூட்டர். மண்ணெண்ணெய் விட்டா அண்டைக்கே படுத்திடும். பாதை பூட்டினா என்ன செய்யிறது?" என்றேன்.

"மாஸ்ரர், இப்ப சமாதானம் எல்லே" என்றார் கடைக்காரர்.

"அப்ப நீங்கள் ஏன் இன்னும் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போகேல்லை?"

"வாப்பான்ர கடையைப் போய்ப் பாத்திட்டுத்தான் வந்தனான். சுவர் மட்டும்தான் நிக்குது" என்றார். பிறகு என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினார். "மிஸ்ஸி, வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை ஆருக்கும் குடுக்கமாட்டன். யோசிச்சு வாங்கோ."

திரும்பும் வழியில் கனகராயன்குளத்தில் இறங்கினோம். நெல்லு மில் முதலாளி ஒருவர் தன் பழைய ஜீப்பை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கதவு, தகரம் இத்துப்போன அடிப்பக்கம், பொனற்றைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணம். தடைக் காலம் முழுவதும் ஓடிய வாகனம். "இது தேங்காயெண்ணெயிலயும் ஓடும் மாஸ்ரர். என்ன, போற வழியெல்லாம் பொரியல் மணக்கும்" என்றார் முதலாளி.

மனைவி கிட்ட வரவில்லை. வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, "கிளச் இருக்குதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்குது மிஸ்ஸி. நல்ல இறுக்கம்."

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "தடைக் காலத்திலயும் மிஸ்ஸிமாருக்குப் பெர்மிற்றில பெற்றோல் தந்தவை. மறந்திட்டியளோ?"

"அப்ப தந்தவை. இனியும் தருவினம் எண்டு என்ன நிச்சயம்?"

"மாதம் ஒரு கான் தந்தாலும் எனக்குக் காணும். நான் என்ன யாழ்ப்பாணத்துக்கே ஓடப்போறன்?"

"உமக்கு ஓடத் தெரியாது" என்றேன். "பழகுவன்" என்றாள்.

புதன்கிழமை பின்னேரம் கிணற்றடியிலிருந்து வந்தேன். குசினிக்குள் அவள் கதிரையில் இருந்தாள். நிலத்தில் இரண்டு பலகைத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். வலது காலை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றி மாற்றி வைத்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள் போல. இடது காலை நீட்டி ஓரமாக விட்டிருந்தாள். நான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியாது. பழைய ஜீப்தான் வாங்குவது என்று நான் முடிவு செய்தது அந்த வாசலில்தான். மண்ணெண்ணெய்க்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை.

"நாளைக்கு நான் போய் முடிச்சிட்டு வாறன்" என்றேன். எதை முடிப்பது என்று சொல்லவில்லை. அவள் நான் மனம் மாறிவிட்டதாக நினைத்தாள். காலையில் நாலு தேசிக்காய் பிடுங்கிப் பையில் வைத்தாள், கண்ணூறு கழிய நாலு ரயருக்கும் கீழே வைத்து நசித்துவிட்டு வாகனத்தை எடுத்து வரச்சொல்லி. ஓமந்தையில் பையைச் சோதித்தவன் தேசிக்காய்களை எடுத்து ஒவ்வொன்றாக மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

கடைக்காரரிடம் போய், "எங்களுக்கு அது வேண்டாம், வேற ஆருக்கும் குடுங்கோ" என்றேன். "மிஸ்ஸி என்ன சொன்னவா?" என்று கேட்டார். "அவாவுக்கும் வேண்டாமாம்" என்றேன். அதே தேசிக்காய்களைக் கனகராயன்குளத்தில் பழைய ஜீப்பின் ரயர்களுக்குக் கீழே வைத்து நசித்து, அதை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அவள் படலையடியில் நின்றாள். சத்தத்திலேயே அது எந்த ஜீப் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மற்றதை வித்துப்போட்டார்" என்றேன்.

"வெள்ளி வரைக்கும் வைக்கிறன் எண்டவர்."

"வியாபாரியின்ர கதை. நம்பேலுமே?"

அவள் ஜீப்பைச் சுற்றி நடந்து பார்த்தாள். "பாக்க நல்ல மனிசன் மாதிரி இருந்தார்" என்றாள். பலகைத் துண்டுகளை அடுப்பில் வைத்துவிட்டாள்.

2006இல் போர் மீண்டும் தொடங்கிப் பாதை பூட்டியது. பெற்றோல் நின்றது. என் ஜீப் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. "மாஸ்ரர் அண்டைக்கே கண்டவர்" என்று ஊரில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மருத்துவமாதுகளுக்கு மாதா மாதம் பெர்மிற்றில் பெற்றோல் வந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அவள் தன் பங்கைப் பக்கத்துப் பிரிவு மருத்துவமாதின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் ஒரு நாள், கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, இருக்கும் எண்ணெயைச் செலவழிக்காமல் சைக்கிளில் இரண்டு கானையும் கட்டிக்கொண்டு போனேன். வரிசை நீளம். நான் திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஜீப் நிறுத்திய இடத்தில் இல்லை. கிணற்றுக் கட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. சாரதிப் பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, கிளச்சுக்குப் பக்கத்தில், அவளுடைய கைத்தடி முறிந்து கிடந்தது.

நடந்ததைப் பக்கத்து வீட்டுக் கிழவர் சொன்னார். எங்களுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் மருமகள் நிறைமாதமாக இருந்தாள். காலையில் இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி பத்து மைல். மாமியார் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து எங்கள் ஜீப்பின் பின்னால் ஏற்றிவிட்டாள். ஓடத் தெரிந்த ஆண்கள் யாரும் ஒழுங்கையில் இல்லை. என் மனைவி சேலைன் போத்தல் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். அவ்வளவையும் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்துப் பழகியிருக்கிறாள். கிளச்சை இடது காலால் அமத்த முடியவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமத்திப் பார்த்தாள். பிறகு கைத்தடியால் அமத்தினாள். ஜீப் துள்ளி நின்றது. திரும்பக் கிளப்பினாள். இரண்டாவது முறை துள்ளியபோது தடி முறிந்தது, ஜீப் கிணற்றுக் கட்டில் இடித்தது. அதன்பின் எஞ்சின் கிளம்பவில்லை. உழவு இயந்திரம் ஒன்றைத் தேடிக்கொண்டு வர ஒரு மணித்தியாலம். அதன் இழுவைப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து, அந்தப் பாதையில் அது போய்ச் சேர இன்னும் இரண்டு மணித்தியாலம்.

தாய் பிழைத்தாள். பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை.

மனைவி அடுத்த நாள் வந்தாள். சட்டையெல்லாம் காய்ந்த இரத்தம். நான் தண்ணீர் அள்ளி வைத்தேன். அவள் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "அந்தச் சின்ன ஜீப் நிண்டிருந்தா அரை மணித்தியாலத்தில போயிருப்பன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஏன் அழுறியள்? வித்துப்போட்டார் எண்டா நீங்கள் என்ன செய்யிறது?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2009இல் அந்தப் பழைய ஜீப்பை எரிபொருள் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டு எல்லோரையும் போல நடந்தோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். போர் முடிந்தபின் எங்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே விட்டதும் வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். கடைத்தெருவுக்குப் போகும் நேர் வழி அந்த வாகனக் கடையைக் கடந்து போகிறது. நான் அவளை எப்போதும் சுற்று வழியால் கூட்டிப்போவேன். "இதால நிழல்" என்பேன். கடை இன்னும் இருக்கிறதா, அவர் இருக்கிறாரா என்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தார்.

ஒரு நாள் மருந்துக் கடையில் நிற்கும்போது பின்னாலிருந்து, "மிஸ்ஸி! உயிரோட இருக்கிறியள்" என்று குரல் வந்தது. தாடி நரைத்திருந்தது, மற்றபடி அவரேதான். எங்களைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கதிரை போட்டு, சோடா எடுத்து வைத்தார். யார் யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். நான் எழும்ப வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஜீப்பை ஆர் வாங்கினது?" என்று அவள் கேட்டாள். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அது கன நாள் நிண்டது மிஸ்ஸி. வேண்டாம் எண்டிட்டியள் எல்லே. மாஸ்ரர் பையில நாலு தேசிக்காயோட வந்து நிக்கிறார், நான் காசோட வந்திட்டார் எண்டு நினைச்சன். பாத்தா வேண்டாமாம். பகிடி விடுறார் எண்டல்லோ நினைச்சனான்."

அவள் சோடாப் போத்தலை மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வியாழக்கிழமையோ?"

"ஓம், வெள்ளிக்கு முதல் நாள். எனக்கு நல்ல ஞாபகம்."

அவருக்குத் தான் எதையோ உடைத்துவிட்டது விளங்கிவிட்டது; மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அவள் எழும்பினாள்.

"இப்ப ஏதும் நிக்குதோ, ரெண்டு பெடலோட?"

ஒன்று நின்றது. சிவப்பு. அவள் சாரதி இருக்கையில் ஏறினாள். நான் மற்றப் பக்கக் கதவைத் திறந்தேன். "நீங்கள் நில்லுங்கோ" என்றாள். கடைக்காரரைப் பார்த்து, "நீங்கள் ஏறுங்கோ தம்பி" என்றாள். அவர் தயங்கித் தயங்கி ஏறினார்.

வளவை மூன்று முறை சுற்றினாள். முதல் சுற்றில் பிரேக்கை உதறிப் பிடித்தாள். மூன்றாவதில் ஒழுங்காகப் பிடித்து, எனக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொல்லமாட்டன்."

ஜெயபுரத்தில் திரும்பக் குடியேறியபின் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனேன். தகரக் கொட்டில். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழும்பி, வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். "மிஸ்ஸி அம்மா சுகமா இருக்காங்களா சார்? அன்னைக்கு அவங்க பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன்" என்றாள். விதைநெல் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றாள். தேத்தண்ணீர் தந்தாள், குடித்தேன். கிணறு இறைத்தாயிற்றா என்று கேட்டேன்.

வீட்டில் மனைவி படலையடியில் நின்றாள்.

"சொன்னியளோ?"

"இல்லை" என்றேன். அதிலாவது பொய் சொல்லவில்லை.

அவள் படலையை எனக்காகத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.