திருடருக்கு மரியாதை

மைக்கில் பேசுவது என் தொழில் இல்லை, பிள்ளைகளா. மைக்கைக் கட்டுவதுதான் தொழில். ரேடியோ செட்டுக் கடையில் வேலை பார்த்த காலத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, "அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் நான் மைக்கில் பேசியது ஒரே ஒரு நாள். அந்தக் கதையை உங்கம்மா சொன்னால் நாலு சேர்த்துச் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பெரியவளே, நீ அப்போது உங்கம்மா வயிற்றில் இருந்தாய். சின்னவன் கணக்கிலேயே இல்லை. எங்கள் வீதி மெயின் ரோட்டில் வந்து முட்டும். முட்டுகிற இடத்தில் ஒரு வளைவு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில்லு, பஸ் ஸ்டாப்பு, டீக்கடை எல்லாம். இந்தப் பக்கம் நாங்கள். மதுக்கரையிலிருந்து சிமெண்ட் ஏற்றி வரும் லாரிகள் அந்த வளைவில் திரும்புகிற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. தெரிகிறபோது மூக்குக்கு முன்னால் நிற்கும்.

உங்கம்மாவுக்கு மில்லில் காலை ஆறு மணி ஷிப்டு. ஒருநாள் லாரி ஒன்று அவள் கையிலிருந்த தூக்குப்போசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு ரோடெல்லாம் இறைந்து கிடந்தது. சாயங்காலம் வந்து, லாரிக்காரருக்குப் பசி போலிருக்குது என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை அளவு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே உட்கார்ந்து மனு எழுதினேன். அந்த வளைவில் ஒரு வேகத்தடை வேண்டும், அவ்வளவுதான். எட்டாவது படித்தவன் எழுதிய மனு. 'வேகத்தடை'யில் 'த்' விட்டுப்போனதை உங்கம்மாதான் திருத்தினாள். இரண்டு முறை ஆபீசில் கொடுத்தும் சத்தமே இல்லை. மூன்றாவது பிரதியை எம்.எல்.ஏ. கையிலேயே கொடுத்துவிடுவது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பழக்கம். மாசம் ஒருமுறை வேனில் வந்து தொகுதிச் செய்திகள் சொல்வார். எந்த பஸ் எதுவரைக்கும் நீட்டியாச்சு, குடிதண்ணி எப்போது வரும், நாய் கடித்தால் எத்தனை ஊசி போடணும், கேஸ் டியூபை எப்போது மாற்றணும், இப்படி. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் வேன் நாலு ரோட்டு முக்கிலேயே நின்றுவிடும். செய்திதான் வீதிக்குள் வரும், மனுசர் வரமாட்டார். அதனால் எங்கள் வீதியில் அவருக்குப் பேரே 'செய்தி'. "செய்தி வந்துபோட்டுப் போயிருச்சு" என்பார்கள்.

அந்த மாசம் என்ன தோன்றியதோ, வீதிக்குள்ளேயே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஆட்டோவில் போய் முன்கூட்டி அறிவிக்கிற அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி தாளை என் கையில் திணித்து, நீயே படிச்சுப்போடு என்றார். தாளில் இரண்டே விசயம். ஒன்று, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். இரண்டாவது பொதுமக்கள் பாதுகாப்பு. நகைக்குப் பாலிஷ் போடுவதாகச் சொல்லி ஒரு திருடன் சுற்றுகிறான், வெள்ளை வேட்டி கட்டியிருப்பான், சிரித்துப் பேசுவான், தண்ணீர் கேட்பான், கதவைத் திறக்காதீர்கள்.

எல்லாம் சரி. இந்த 'பேசுவான், கேட்பான்' மட்டும் என் வாயில் வரவில்லை. நான் அப்படிப் பேசிப் பழகியவன் இல்லை. பஸ்ஸில் பாக்கெட் அடித்தவரைப் பிடித்து நாலு சாத்து சாத்தும்போதுகூட, "ஏனுங்க இப்படிப் பண்றீங்க" என்று கேட்டுக்கொண்டே சாத்துகிற ஊர் எங்களுடையது. முகம் தெரியாத ஒருவரை மைக் வைத்து 'அவன் இவன்' என்பதா? சரி, மரியாதையாகவே சொல்லலாம் என்று பார்த்தால், 'திருடருங்க' என்று சொல்லிப் பார்த்தபோது எனக்கே ஒருமாதிரி இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். வீதி வீதியாகக் குழாயில் போனது இதுதான்:

"வர்ற ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு நம்ம எம்மெல்லே வாராருங்க. பொதுமக்கள் உசாரா இருந்துக்கோணுமுங்க. நகைக்குப் பாலிஷ் போட்டுத் தாரேன்னு சொல்லுவாருங்க. வெள்ளை வேட்டி கட்டியிருப்பாருங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாருங்க. தண்ணி கேப்பாருங்க. கதவை மட்டும் தொறந்துபோடாதீங்க."

ஆறு சுற்று சுற்றினோம். ஆட்டோக்காரர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். என் குரல் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மைக்கில் பேசியது நீங்கதானுங்களா என்று உங்கம்மா கேட்டாள். ஆமாம், புரிந்ததா என்றேன். நல்லாப் புரிஞ்சுதுங்க என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போனவள் வர ஒரு மணி நேரம் ஆனது. எதிர்வீட்டுக்கும் போய், கோடிவீட்டுக்கும் போய் வந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. மைக்கைக் கட்டியது நான்தான். எம்.எல்.ஏ. வெள்ளை வேட்டியில் இறங்கினார். வீதியில் ஒரு ஈ காக்கா இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, வாங்க, சௌக்கியமுங்களா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா என்று ஒரு குறையும் இல்லாமல் விசாரித்தார். கதவைத் திறக்கவில்லை. அவரும் பாவம், சிரித்தார்.

"சிரிப்பாருங்கன்னு சொன்னாங்க" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னது வெளியே கேட்டது.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியம்மா தாலிக்கொடியை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, இது ஏற்கெனவே பளபளன்னுதானுங்க இருக்குது என்றார். எம்.எல்.ஏ. உதவியாளரைத் திரும்பிப் பார்க்க, உதவியாளர் என்னைப் பார்த்தார். அறிவிப்பை எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். சொன்னபடியே சொல்லிக் காட்டினேன். பாதியிலேயே எம்.எல்.ஏ. கண்ணை மூடிக்கொண்டார். என் சட்டைப் பையில் இருந்த மனு அந்த நிமிசமே செத்துப்போனது என்று நினைத்தேன். வேலையும் அதோடு போகும், வளைவு அப்படியே கிடக்கும், உங்கம்மா மாசம் ஏற ஏற அந்த ரோட்டை இன்னும் மெதுவாகத் தாண்டவேண்டியிருக்கும். வேர்த்து ஊற்றியது.

அவருக்கும் வேர்த்தது, வெயிலில். மூன்றாவது வீடு நம் வீடு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா அம்மணி என்று கேட்டுவிட்டார்.

உங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தண்ணி கேப்பாருங்கன்னும் சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. டீக்கடையில பானைத் தண்ணி சில்லுன்னு இருக்குமுங்க. ரோட்டுக்கு அக்கட்டாலதானுங்க. ஒரு எட்டு தாண்டுனாப் போதும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீதியில் ஒருத்தரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. தப்பாகப் பேசியது நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாரும் அதை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எம்.எல்.ஏ. வளைவுக்கு நடந்தார். ஒரு காலை வைத்தார், லாரி வந்தது, எடுத்தார். மறுபடி வைத்தார், இன்னொன்று வந்தது. மூன்றாவது முறை பாதி ரோடு போய், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரும்பினார். தோள் துண்டு பறந்துபோய்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு லாரியோடு போனது. இதற்குள் கதவெல்லாம் திறந்து, வீதியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் நின்று டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அது உதவியா நக்கலா என்று இன்றுவரை தெரியாது.

உங்கம்மா சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்தார். நீங்க இதை எப்படித் தாண்டறீங்க என்று கேட்டார்.

"தெனமும் அஞ்சரை மணி இருட்டுலங்க. இப்பக் கொஞ்ச நாளா ரெண்டு பேராத் தாண்டறமுங்க."

யார் அந்த இன்னொருத்தர் என்று கேட்க வாயெடுத்தவர், உங்கம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு, திரும்பி வளைவைப் பார்த்தார். நான் மனுவை நீட்டினேன். தாள் வேர்வையில் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. எம்.எல்.ஏ. அதை வாங்கி, வேன் முகப்பில் வைத்துப் படித்து, ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, பொதுமக்கள் கவனத்துக்கு, இந்த வளைவு மிகவும் ஆபத்தானது என்று தொகுதிச் செய்தியை ஆரம்பித்தார்.

"அது எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார் முதல் வீட்டு அக்கா. எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். இந்த முறை யாரும் கதவைச் சாத்தவில்லை.

மறுமாசம் தார் வண்டி வந்தது. வேகத்தடை போட்ட மறுநாள் விடியற்காலை நானும் உங்கம்மாவோடு ரோடு வரைக்கும் போனேன். ஒரு சிமெண்ட் லாரி வந்து, மேட்டைப் பார்த்து மூச்சுவிட்டபடி நின்றது. நான் உங்கம்மாவைப் பார்த்து, வேகமாகப் போ என்று கையைக் காட்டினேன். உங்கம்மா நடு ரோட்டில் நின்று தூக்குப்போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, முந்தானையை இழுத்துச் செருகி, தலையில் பூ இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அந்தப் பக்கம் போனாள். லாரி அதுவரைக்கும் நின்றது.